இரண்டு புள்ளி பூஜ்ஜியம் இரண்டு

காற்றை அளப்பவனாக இருந்தேன்.
முதல் தடத்தின் ஓரம், முடிவுக்கோட்டுக்கு ஐம்பது மீட்டர் முன்னால்,
முக்காலியில் ஒரு சின்ன விசிறி.
துப்பாக்கி வெடித்ததிலிருந்து பத்து விநாடி
அதன் எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.
வெள்ளைத் தொப்பி, மதியச் சோறு, பஸ் காசு.
மயிலாத்தாள் ஓடிய பதினொரு பந்தயங்களில் நான் இருந்தேன்.
ஒன்றையும் பார்த்ததில்லை.

வேலந்தாவளத்துக்காரி.
சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் அரிசிக்கு ஒரு விலை,
இந்தப் பக்கம் வேறு.
விடியுமுன் இடுப்பில் ஆறு கிலோ கட்டிக்கொண்டு
சோளக்காட்டு வழியே எல்லை தாண்டியவள்.
பிடிபட்டதே இல்லை என்று அவள் பீற்றிக்கொண்டதில்லை.
துரத்திய போலீஸ்காரர்தான் சொன்னார்,
மாவட்டப் போட்டியில், கைதட்டிக்கொண்டே:
"எனக்கு முந்தியே தெரியும் சார், இவ காலு."
அரிசி இல்லாமல் முதன்முதலில் ஓடியபோது
பறந்துவிடுவோமோ என்று பயமாயிருந்ததாம்.

பதினேழில் மாநிலம். பத்தொன்பதில் தேசம்.
மலையாளப் பத்திரிகை மைலா என்று எழுதியது.
கோயம்புத்தூர்ப் பத்திரிகை 'நம்ம பொண்ணு' என்றது.
தோற்ற வாரங்களில்
இரண்டுக்குமே அவள் பக்கத்து மாநிலம்.

அந்தத் தை மாதம், பாலக்காட்டு மைதானம்.
கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
கொண்டல் மழை கொண்டுவரும் என்பார்கள்.
எங்களுக்குப் புழுதிதான் கொண்டுவரும்.
உதட்டை வெடிக்க வைக்கும்,
ஓட்டைப் பிடுங்கும்,
பனையோலைகளை ராத்திரியெல்லாம் சண்டைக்கு இழுக்கும்.
மலைகள் ஒதுங்கி நிற்கிற அந்தச் சந்தில்
யாரும் அதை நிறுத்தி
மூட்டையைப் பிரி என்று கேட்பதில்லை.

மேற்கு பார்த்த ஓட்டம்.
என் காதில் மட்டும் ஆணிச்செருப்புகள்,
தகரக் கூரையில் ஆலங்கட்டி தொடங்கி
உடனே நின்றதுபோல.
பிறகு கூச்சல்.
பதினொன்று புள்ளி மூன்று ஏழு.
தேசிய சாதனை என்று ஒலிபெருக்கி அவசரப்பட்டது.
அவளைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

என் முன்னால் இரண்டு புள்ளி பூஜ்ஜியம் இரண்டு.

இரண்டு மீட்டர் காற்றுவரை சாதனை செல்லும்.
அதற்குமேல் ஒரு இழை இருந்தாலும்
அடுத்த தசமத்துக்கு ஏற்றி எழுது என்பது விதி.
இரண்டு புள்ளி ஒன்று என்று எழுதினேன்.
அச்சுதன்குட்டி மாஷ் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்:
"கொறச்சு கொறைக்கான் பற்றுமோ, அய்யாசாமி?"
காற்றையா, கணக்கையா என்று நான் கேட்கவில்லை.
அவள் அப்போதும் தோள்மேல்தான் இருந்தாள்.
சேதி கீழேயிருந்து ஒவ்வொரு வாயாக ஏறிப்போனது.

அந்த வேகத்தை அவள் பிறகு தொடவில்லை.
இருமுறை வெளிநாடு, ஒரு வெண்கலம்.
இருபத்தாறில் தொடைத்தசை கிழிந்தது.
ரயில்வேயில் வேலை.
கல்யாணம் பற்றி எனக்குத் தெரியாது.

போன மாதம் பொள்ளாச்சி வண்டியில் தூங்கிப்போனேன்.
டவுன் ஸ்டேஷன்வரைதான் டிக்கெட்.
வண்டி ஜங்ஷனை நெருங்கிக்கொண்டிருந்தது.
கறுப்புக் கோட்டு தோளைத் தட்டியது.
"ஒரு ஸ்டேஷன் தாண்டிட்டீங்க."
அபராதம் இருநூற்றைம்பது.
ஜன்னல் காற்றில் படபடத்த ரசீதை
உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு எழுதினாள்.
பெயர் கேட்டாள். சொன்னேன்.
பேனா நின்றது.

"அன்னிக்கு நெசமா எவ்வளவு?"

சொன்னேன்.
சுட்டுவிரலைப் படுக்கவைத்துப் பார்த்தாள்.
"ஒரு விரக்கடை" என்றாள்.
பிறகு பேனா ஓடி முடித்தது.
ஐந்நூறு நீட்டினேன்.
மீதியை எண்ணி, திரும்ப எண்ணி, கொடுத்தாள்.

வண்டி நிற்குமுன் வாசலுக்குப் போய்
நடைமேடையில் காலை வைத்தாள்.
வேகம் தணிய மூன்று எட்டு,
குதிகால் தரையில் படாமல்.

பார்த்தேன்.